நீதிக்கண்ணுக்கு வைத்த பொட்டு

நடுவர் வேலை என்பது சந்தேகப்படுகிற வேலை. பந்து கையிலிருந்து முன்னால் நழுவியதா, பின்னால் நழுவியதா? கீழே கிடக்கிறவள் நிஜமாகவே விழுந்தாளா, விழுந்த மாதிரி விழுந்தாளா? இதே யோசனையில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து எனக்கு இப்போது எல்லார் மேலும் சந்தேகம். பால்காரர் சிரித்தால் சந்தேகம். கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கேட்காமலே கொடுத்தால் சந்தேகம். என் வீட்டுக்காரி காபியை நன்றாகப் போட்டுவிட்டால், “இன்னா விசேஷம்?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

என் பெயர் மணிவண்ணன். வார நாட்களில் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் ரக்பி நடுவர். பாகூரில் ரக்பியா என்று கேட்காதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர் இரண்டு கொம்யூன் பஞ்சாயத்திலும் பெண் பிள்ளைகள் இந்த ஆட்டத்தில் பேய் மாதிரி ஓடுகிறார்கள். முட்டை வடிவப் பந்து. கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் எறியலாம். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அதற்குப் பெயர் ட்ரை, ஐந்து புள்ளி. அப்புறம் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. ஓடுகிறவளைக் கட்டிப் பிடித்து விழத்தட்டலாம், கழுத்துக்கு மேல் மட்டும் கை போகக் கூடாது. கபடி தெரிந்தவர்களுக்கு ஒரு சாயங்காலத்தில் பிடிபட்டுவிடும். எங்கள் கிராமப்புற ரக்பி மேம்பாட்டுக் கழகத் தலைவருக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

தலைவர் அரிகரன் கரும்பும் நெல்லுமாக நிறைய நிலம் உள்ளவர். முதன்முதலில் பந்து வந்து இறங்கியபோது, “நசுங்கிப் போயி வந்துருக்குது, கடைக்காரனுக்கே திருப்பி அனுப்பு” என்று சொன்னவர் அவர்தான். அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் அவரைத் தலைவராக்கியிருக்க வேண்டும். கழகத்தில் ஆட்டக்காரர்களைவிடப் பொறுப்பாளர்கள் அதிகம்.

போன வருஷம் அரையிறுதியில் நான் கொடுத்த ஒரு தீர்ப்பு பிடிக்காமல் ஜனங்கள் என் பைக்கின் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். கழகம் கூடி விசாரித்தது. பிடுங்கியவனைக் கண்டுபிடிப்பார்கள் என்று நான் நினைத்தேன். அவர்களோ தீர்ப்புச் சொல்கிற வேலையையே என்னிடமிருந்து பிடுங்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். செயற்கை நுண்ணறிவு நடுவருக்குத் துணையாக வருமாம். தலைவருடைய மருமகன் தமிழ்க்குமரன் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருக்கிறார். மிஷின் அவர் கம்பெனியில்தான் தயாரானது. அதற்கு ‘நீதிக்கண்’ என்று பெயர் வைத்து, பெயர் சூட்டு விழாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் போட்டார்கள். மிஷின் வருவதற்கு முன்பே பொங்கல் வந்துவிட்டது.

மதகடிப்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குப் பயிற்சி நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம்கூட அவிழ்க்கவில்லை. என் காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டு, தமிழ்க்குமரன் வெகு மரியாதையாகச் சொன்னார்.

“சார், ஆட்டத்தப்போ நீங்க பந்தப் பார்க்கக் கூடாது.”

“பின்ன எத்தப் பார்க்கிறது?”

“பொதுவா பாருங்க. குறிப்பா பார்த்தீங்கன்னா உங்களுக்குன்னு ஒரு கருத்து வந்துடும். கருத்து வந்தா மிஷினோட மோதும். நாலு பக்கமும் கேமரா பார்க்குது. அது காதுல சொல்லும், நீங்க விசில் ஊதணும். அவ்வளவுதான் சார், வேலை ரொம்ப ஈசி.”

வேலை ஈசி என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். அந்த நேரம் பார்த்து கழகச் செயலாளர் சுப்புராயன் எழுந்து புது விதிகளை வாசித்தார். அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். விதி வாசிக்கும்போது மட்டும் அவர் குரலுக்கு ஒரு தெய்வக்களை வந்துவிடும்.

“விதி ஏழு. தீர்ப்பு நீதிக்கண்ணுடையது. பொறுப்பு நடுவருடையது. விதி எட்டு. நீதிக்கண் பழுது என்று கழகம் அறிவிக்கும் பட்சத்தில், அன்றைய ஆட்டத்தில் நடந்த அனைத்துக்கும் நடுவரே முழுப் பொறுப்பு.”

“மிஷின் தப்பு பண்ணா நான் எப்டிங்க பொறுப்பு?” என்றேன்.

“மிஷின் சரியா சொன்னா மிஷினுக்குப் பேரு. தப்பா சொன்னா நீங்க பக்கத்துல இருந்து பார்த்துக்க வேணாமா?”

“பார்க்கக் கூடாதுன்னு இப்பதான சொன்னாரு?”

“அது பயிற்சி, இது பொறுப்பு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க மணிவண்ணன்.”

கிழிஞ்சுது போ என்று நினைத்துக்கொண்டேன். எட்டாவது விதி எனக்கென்றே திரித்த கயிறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வாழ்க்கையில் சந்தேகமே இல்லாமல் நான் நம்பிய ஒரே விஷயம் அதுதான்.

இந்த வருஷம் பெண்கள் இறுதி ஆட்டம் பாகூருக்கும் வில்லியனூருக்கும். பாகூர் அணியின் ஒன்பதாம் எண் செல்வகுமாரி, சோரியாங்குப்பத்துப் பெண். அவளுடைய அம்மா பவுனம்மாள் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். செல்வகுமாரிக்கு நர்சிங் படிக்க வேண்டும். மார்க் கொஞ்சம் குறைவு. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு இடம் இருக்கிறது, அதற்கு ஜெயித்த அணியின் சான்றிதழ் வேண்டும். இரண்டாம் இடம் வந்தால் செல்லாது. அடுத்த வருஷம் அவளுக்கு இந்த ஆட்டத்துக்கான வயசு தாண்டிவிடும். ஆக அவளுக்கு இருந்தது இந்த ஒரே ஒரு ஆட்டம்தான். இது மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தாலும் தெரியாத மாதிரி விசில் ஊத வேண்டியது என் விதி.

அவள் வாய் வேறு சும்மா இருக்காது. நான் எந்தத் தீர்ப்பு கொடுத்தாலும் அதன் மேல் ஒரு அப்பீல் வைத்திருப்பாள். ஆட்டத்துக்கு முன்னால் என்னிடம் வந்தாள்.

“சார், மிஷினுக்கு எங்க ஊரு தெரியுமா?”

“ஏன் கேக்குற?”

“தெரியலைன்னா நல்லது சார். தெரிஞ்சவங்கதான் ஓரவஞ்சன பண்றாங்க.”

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். திமிரைப் பாருங்கள்.

பாகூர் மைதானத்தில் பந்தல், சோபா, பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட். நாலு கேமராவில் மூன்று உயரக் கம்பத்தில். நாலாவது பந்தலுக்குப் பக்கத்தில் மார்பளவு ஸ்டாண்டில் நின்றது, பந்தலும் மைதானமும் சேர்ந்து தெரிகிற மாதிரி. புதுசாக ஒரு மிஷின் வந்தால் எங்கள் பக்கத்தில் பூஜை போடாமல் சுவிட்சைத் தட்ட மாட்டோம். டிராக்டர் ஆனாலும் சரி, மாவு அரைக்கிற மிஷின் ஆனாலும் சரி. பூசாரி பூசணிக்காய் உடைத்தார், எலுமிச்சம்பழம் நசுக்கினார். கம்பம், ஒயர்ப் பெட்டி, லேப்டாப், பந்து, என் விசில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். அப்புறம் தலைவர் குங்குமக் கிண்ணத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு நேராகக் கேமராவின் கண்ணாடிக்குக் கையை நீட்டினார்.

தமிழ்க்குமரன் பதறிப் போனார். “மாமா, லென்ஸ்ல வேணாம் மாமா.”

“மாப்ள, சாமிக்கு நெத்தியில பொட்டு வைக்கிறோம். இதுக்கு நெத்தி எங்க இருக்குது? கண்ணு மட்டும்தான இருக்குது. அப்ப கண்ணுலதான் வைக்கணும்.”

மருமகன் படித்த எந்தப் படிப்பிலும் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை போல. தலைவர் நாலு கேமராவுக்கும், ஏணி போட்டு ஏறி, உள்ளங்கை அகலத்துக்குப் பொட்டு வைத்தார். மங்களம் போதவில்லை என்று பட்டதோ என்னவோ, பன்னீர்ச் செம்பை எடுத்து மேலே தாராளமாகத் தெளித்தார். அப்புறம் மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்னு சொல்லி வச்சிருக்காங்க. நம்ம நடுவருக்குக் கண்ணு இருக்குது, காதும் இருக்குது. அப்ப அவரு எப்டி உண்மை சொல்லுவாரு?” கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவனும் தட்டினான். “இந்த நீதிக்கண்ணு ஆளப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எதுவும் பார்க்காது. அதனாலதான் இத்த வெளியாளுங்ககிட்ட குடுக்காம என் மருமகன் கையால செஞ்சிருக்கோம். வெளியாள நம்ப முடியுமா? இது வெறும் மிஷின் இல்ல, நீதி தேவதை! மனுஷன் தப்பு பண்ணுவான். நான் இத்தினி வருஷமா தலைவரா இருக்கேன், எனக்குத் தெரியாதா? மிஷின் தப்பே பண்ணாது. அது எது சொன்னாலும் மொத ஆளா நான் கட்டுப்படுறேன்!”

செயலாளர் சுப்புராயன் மட்டும் அந்தக் கடைசி வாக்கியத்துக்குக் கை தட்டவில்லை. விதி எழுதுகிறவர் அல்லவா, எதிலே மாட்டுவோம் என்று அவருக்குத் தெரியும்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பாகூர் முதலில் ஒரு ட்ரை வைத்து ஐந்து புள்ளி எடுத்தது. மிஷின் பொட்டுக்கு ஓரமாக எட்டிப் பார்த்து எப்படியோ அதைச் சரியாகச் சொல்லிவிட்டது. அடுத்த நிமிஷம் செல்வகுமாரி ஒரு பந்தைப் பிடிக்கப் போய்த் தவறவிட்டாள், அது முன்னால் துள்ளியது. கையில் பட்டு முன்னால் விழுந்தால் குற்றம், நாக்-ஆன் என்பார்கள். காலில் பட்டால் குற்றமில்லை. “நாக்-ஆன் ஐம்பது சதவீதம். நடுவர் தீர்மானிக்கலாம்” என்றது காதில் குரல். நாசமாய்ப் போகிறதே, இத்தனை கேமரா வைத்து அதற்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். நான் நாக்-ஆன் ஊதினேன்.

“முட்டியில பட்டுச்சு சார்! கையே படலை!” என்று கத்தினாள் செல்வகுமாரி.

“போ, ஆடு” என்றேன்.

அதிலிருந்து கிடைத்த பந்தில் வில்லியனூர் ட்ரை போட்டு, கம்பத்துக்கு நடுவே உதைத்தும் எடுத்தது. ஏழுக்கு ஐந்து. இதற்குள் வெயில் ஏறியது, மேலே தேங்கியிருந்த பன்னீர் இறங்க ஆரம்பித்தது. பொட்டு கரைந்து கண்ணாடி முழுக்க வழிந்தது. அங்கேதான் வினை வந்தது.

“குருதி கண்டறியப்பட்டது,” என்று மைக் செட்டில் அதன் குரல் முழங்கியது. அது எப்போதும் மேடைத் தமிழில்தான் பேசும். “வில்லியனூர் எண் நான்கு வெளியேறவும்.”

ரக்பியில் ரத்தம் வந்தால் ஆட்டக்காரி வெளியே போய்க் கட்டுப் போட்டுக்கொண்டுதான் திரும்ப வர முடியும். நல்ல விதி. ஆனால் அந்தப் பெண் தன் கை காலை எல்லாம் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கீறல் இல்லை. நான் விசில் ஊதி வெளியே அனுப்பினேன். அவள் கோட்டைத் தாண்டுவதற்குள் பாகூர் எண் இரண்டு. அப்புறம் வில்லியனூர் ஆறு, பாகூர் ஏழு. வரிசையாக எல்லாருக்கும் ரத்தம். செல்வகுமாரிக்கும்.

முதலுதவி மேசையில் கிராம நர்ஸ் ஆரோக்கியசெல்வி உட்கார்ந்திருந்தார். “காயம் எங்கடி?” என்று கேட்டார்.

“தெரியலைக்கா. மிஷின் சொல்லுது.”

“அப்ப மிஷினக் கூட்டிக்கினு வா, அதுக்கே கட்டுப் போட்டு அனுப்புறேன்.”

சுப்புராயன் ஓடி வந்தார். “ஏம்மா, காயம் இருக்குதா இல்லையான்னு பார்க்கிறது உன் வேலை இல்ல. கட்டுப் போடுறதுதான் உன் வேலை.”

“எங்க சார் போடுறது?”

“விதியில எடம் சொல்லலை. அதனால எல்லா எடத்துலயும் போட்டுடு.”

ஆரோக்கியசெல்வி அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் துணிச்சுருளை எடுத்துத் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் சுற்ற ஆரம்பித்தார். ஒவ்வொருத்தியும் சுற்றுக் கட்டோடு களத்துக்குத் திரும்பினாள். சட்டை எண் எதுவும் வெளியே தெரியவில்லை. மைதானத்தைப் பார்த்தால் ஆஸ்பத்திரி வார்டு எழுந்து ஓடுகிற மாதிரி இருந்தது.

நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பந்தலுக்கு ஓடினேன். “தலைவரே, ரத்தம் இல்ல, கேமராவுல குங்குமம் வழிஞ்சிருக்குது. தொடச்சிட்டா சரியாப் பூடும்.”

அவருக்கு முகம் கறுத்தது. “தொடைக்கிறதா? யோவ், நல்ல நாளும் அதுவுமா நான் என் கையால வச்ச பொட்ட அழிக்கச் சொல்றியா? வாயக் கழுவுயா!”

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் “ஐயையோ” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பொட்டு அழிப்பது என்ற பேச்சே எங்கள் பக்கத்தில் ஆகாது. வைத்தது தானாக உதிர வேண்டும். நான் தமிழ்க்குமரனைத் திரும்பிப் பார்த்தேன்.

“லென்ஸத் தொடணும்னா கம்பெனி இன்ஜினியர் வரணும் சார்.”

“நீங்க யாரு?”

“நான் ஓனர்.”

அந்த நேரத்தில் என் காதிலும் மைக்கிலும் ஒரே சமயத்தில், “நடுவரின் முகத்தில் குருதி” என்றது. ஆரோக்கியசெல்வி என் தலையில் கட்டைச் சுற்றினார். கட்டோடு நான் களத்துக்குள் காலை வைத்தேன். உடனே அடுத்த அறிவிப்பு வந்தது.

“பந்தலில் நடு இருக்கையில் இருப்பவருக்குத் தலையில் பலத்த காயம். உடனடிச் சிகிச்சை தேவை.”

நடு இருக்கையில் தலைவர். அது எது சொன்னாலும் முதல் ஆளாகக் கட்டுப்படுவேன் என்று அவர் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், இது தலையைச் சுற்றியது. அவர் மேலே பார்த்தார், மருமகனைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். “கட்டும்மா,” என்றார் கடைசியில். “காயம் உள்ள இருக்குது போல.” ஆரோக்கியசெல்வி அவருக்கு மட்டும் தாடைவரைக்கும் சேர்த்துக் கட்டினார். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை, வேண்டுமென்றேதான் கட்டினார்.

மிச்சமிருந்த ஆட்டம் அப்படியே ஓடியது. கடைசி நிமிஷம். இன்னும் ஏழுக்கு ஐந்துதான். பாகூர்ப் பக்கத்து மூலையில் பந்து செல்வகுமாரி கையில் வந்தது. கட்டு அவிழ்ந்து பின்னால் வால் மாதிரிப் பறக்க அவள் ஓடினாள். ஒருத்தி கட்டைப் பிடித்தாள், பாதிக் கட்டு அவள் கையோடு போய்விட்டது. இன்னொருத்தி இடுப்பில் விழுந்தாள், செல்வகுமாரி அவளையும் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால், கம்பத்துக்குக் கீழே, இரண்டு கையாலும் பந்தை மண்ணில் அழுத்தினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். பந்துக்குக் கீழே இருந்த புல் நசுங்கியது வரைக்கும் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

“களத்தில் பதிவு பெற்ற ஆட்டக்காரர் எவரும் இல்லை,” என்றது நீதிக்கண். “அடையாளம் தெரியாத நபர்கள் உள்ளனர். எனவே ட்ரை இல்லை.”

செல்வகுமாரி பந்தின் மேல் படுத்தபடியே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. கயிற்றுக்கு வெளியே பவுனம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். காதிலிருந்த கருவியைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன். தலைக்கட்டையும் பிய்த்து எறிந்தேன். கையை உயர்த்தி, உள்ளே இருந்த மூச்சு முழுவதையும் விட்டு ஊதினேன். ட்ரை. அடுத்தாற்போல ஆட்டம் முடிந்ததற்கும் ஊதினேன். பத்துக்கு ஏழு, பாகூர்.

பாகூர் பிள்ளைகள் கட்டுகளைப் பிய்த்து வீசிக் குதித்தார்கள். வில்லியனூர் பிள்ளைகளும் வெயில் தாங்காமல் கட்டை அவிழ்த்தார்கள். தலைவர் மைக்கைப் பிடுங்கினார். தாடையைக் கட்டியிருந்ததால் பல்லைக் கடித்தபடிதான் பேச முடிந்தது.

“நடுவர் விசில் செல்லாது! தீர்ப்பு நீதிக்கண்ணுது. நீதி தேவதை சொன்னா சொன்னதுதான். வில்லியனூர் ஜெயிச்சுது. ஏழுக்கு அஞ்சு.”

செல்வகுமாரி கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பந்தைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தாள், இப்படித்தானே வைத்தேன் என்று யாருக்கோ காட்டுகிற மாதிரி. நான் அவள் பக்கம் போகவில்லை. போய் என்ன சொல்வது?

அப்போதுதான் தலைவரின் மனைவி விஜயகுமாரி அம்மா சோபாவிலிருந்து எழுந்தார். நல்ல பக்தியுள்ளவர். நீதி தேவதை நீதி தேவதை என்று வீட்டுக்காரர் மைக்கில் சொன்னதைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர். நேராகப் பந்தலோரத்துக் கேமரா முன்னால் போய்க் கைகூப்பினார். மோதிர விரலால் கண்ணாடியிலிருந்த குங்குமத்தை எடுத்துத் தாலியில் வைத்து, நெற்றியில் வைத்துக்கொண்டார். பொட்டை அழிக்கக் கூடாதுதான். ஆனால் சாமி குங்குமத்தை எடுத்து வைத்துக்கொள்ளாமல் யாராவது சன்னதியை விட்டுப் போவார்களா?

தலைவர் வீட்டு அம்மாவே எடுத்த பிறகு யார் தடுப்பது? பெண்கள் எல்லாரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு விரல். வீட்டிலிருக்கிற மருமகளுக்கு என்று வெற்றிலையில் வழித்துக்கொண்டவர்களும் உண்டு. கடைசியில் நின்றவர்களுக்குக் குங்குமம் கிடைக்காமல் ஈரத்தை முந்தானையில் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது.

“காட்சி தெளிவாக உள்ளது,” என்றது நீதிக்கண். எல்லாரும் திரும்பினார்கள். “பந்தலில் நடு இருக்கையில் இருப்பவருக்குக் காயம் ஏதும் இல்லை. காயம் பட்டதாக நடிப்பது ஆட்ட ஒழுங்குக்கு எதிரானது. மஞ்சள் அட்டை. உடனே வெளியேறவும்.”

மைதானம் முழுக்க அந்த நேரத்தில் கட்டோடு இருந்தவர் தலைவர் ஒருவர்தான். அப்புறம் எங்கோ ஒரு மூலையில் களுக்கென்று ஒரு சிரிப்பு கிளம்பியது, அது பந்தலைச் சுற்றிக்கொண்டு வந்து வி.ஐ.பி. நாற்காலி வரைக்கும் ஏறிவிட்டது. விஜயகுமாரி அம்மாகூடச் சிரித்தார்.

“உடனே வெளியேறவும்,” என்றது மறுபடி.

“பழுது!” என்று கத்தினார் தலைவர், கட்டை அவிழ்த்துக்கொண்டே. “மிஷின் பழுது! நிறுத்து மாப்ள! யோவ் சுப்புராயன், மிஷின் பழுதுன்னு மைக்ல அறிவிச்சுத் தொலைய்யா!”

சுப்புராயனுக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் தலைவர் நின்ற நிலையைப் பார்த்து, கழகத்தின் பெயரால், நீதிக்கண் பழுது என்று முறைப்படி அறிவித்தார். ஊரே கேட்டது.

அடுத்த வாரம் விசாரணை. என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். சுப்புராயன் எட்டாவது விதியை அதே தெய்வக்களையோடு வாசித்தார். நீதிக்கண் பழுது என்று கழகம் அறிவித்துவிட்டது, ஆகவே அன்றைய ஆட்டத்தில் நடந்த அனைத்துக்கும் நடுவரே முழுப் பொறுப்பு.

“ஒத்துக்கிறியா?” என்றார் தலைவர்.

“ஒத்துக்கிறேங்க. அனைத்துக்கும் நான்தான் பொறுப்பு.”

தலைவருக்கு ரொம்பத் திருப்தி. நான் இவ்வளவு சீக்கிரம் மடங்குவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“அப்ப அந்த ட்ரையும் என் பொறுப்புதானுங்களே,” என்றேன். “நான்தான் ஊதுனேன். மிஷின்தான் பழுதாச்சே.”

சுப்புராயன் விதியை இன்னொரு தரம் வாய்க்குள்ளேயே படித்துப் பார்த்தார்.

“அப்ப மிஷின் பழுது இல்லைன்னு மாத்தி அறிவி,” என்றார் தலைவர்.

“மாத்தலாம் தலைவரே,” என்றார் சுப்புராயன் மெதுவாக. “ஆனா பழுது இல்லைன்னா அந்த மஞ்ச அட்ட நிக்கும். காயம்னு நடிச்சதா ஆயிடும். ஊரெல்லாம் கேட்டுருக்குது.”

மஞ்சள் அட்டையா, ட்ரையா? தலைவர் தன் தாடையைத் தடவிக்கொண்டார். அன்றைக்குக் கட்டிய இடம். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “பாகூருக்கே குடுத்துத் தொலைங்க” என்றார். கையோடு, மிஷினின் மாண்பைக் குலைத்ததற்காக என்னை ஒரு வருஷத்துக்கு விசில் தொடக் கூடாது என்று தள்ளி வைத்தார்கள். அதையும் ஒத்துக்கொண்டேன்.

கல்லூரி திறந்த பிறகு ஒரு நாள் காலை மதகடிப்பட்டு ஜங்ஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளை கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு செல்வகுமாரி பஸ்ஸுக்கு நின்றாள். என்னைப் பார்த்ததும் நேராக வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, பரவாயில்லம்மா, என் கடமைதானே என்று சொல்வதற்கு முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

“சார், சீட்டு கெடச்சிருச்சு.”

“கேள்விப்பட்டேம்மா. சந்தோஷம்.”

“உங்கள ஒரு வருஷம் நிறுத்திட்டாங்களாமே? அம்மா ரொம்ப வருத்தப்பட்டுச்சு சார்.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். “ஆனா அன்னைக்கு அந்த நாக்-ஆன் குடுத்தீங்களே, அது தப்பு சார். முட்டியிலதான் பட்டுச்சு. அத்தக் குடுக்காம இருந்தீங்கன்னா இந்தத் தொல்லையே இல்ல.”

“பஸ் வந்துடுச்சு, போ,” என்றேன்.

அவள் ஏறிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. நான் பார்த்தேன், கையில்தான் பட்டது. பார்த்தேனா? காதில் ஐம்பது சதவீதம் என்று ஒரு குரல் கேட்டது. ஐம்பது என்றால் சரிபாதி என்று நினைத்து ஊதினேன். பந்து துள்ளியது ஞாபகம் இருக்கிறது. கை ஞாபகம் இருக்கிறதா? டீ ஆறிப்போனது. பஸ் என்னைக் கடந்து திரும்பும்போது அவள் படிக்கட்டில் நின்று, நான் பார்க்கிறேனா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, குனிந்து தன் முட்டியைத் தட்டிக் காட்டினாள்.